வெளிநாட்டு மண்ணில் நிற்கும் படைவீரர் யாருக்குப் பொறுப்பு?

எழுத்தாணி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஒரு நாட்டின் படைவீரர் மற்றொரு நாட்டில், அந்நாட்டு அரசின் இசைவோடு முகாமிட்டிருக்கும்போது, அவரால் அங்குள்ள பொதுமக்களில் ஒருவருக்கு உயிரிழப்போ வேறு கொடுமையோ நேர்ந்தால், அவரை விசாரிக்கும் உரிமை யாருக்கு இருக்க வேண்டும் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு விவாதம் எழுந்தது. குற்றம் எந்த மண்ணில் நடந்ததோ அந்த மண்ணின் நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்பது என் வாதம். எதிர்வாதம் செய்த நண்பரோ, படைவீரர் தம் விருப்பத்தின்பேரில் அங்கே போகவில்லை, அரசு அனுப்பியதால் போனார், ஆகவே அவரைக் காக்கவும் தண்டிக்கவும் அனுப்பிய அரசே கடமைப்பட்டது என்றார். அவர் சொன்னதையும் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

இன்னோர் ஐயமும் உண்டு. தாமாக ஒரு தீங்கும் செய்யாமல், கண்ணெதிரே நடக்கும் கொலையைத் தடுக்காமலும் நின்றுவிட்ட படைக்குப் பொறுப்பு உண்டா? சட்டத்தையும் நடந்த வரலாற்றையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். எந்த ஒரு நாட்டையும் வசைபாடும் திரியாக இது மாறிவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

நடுநிலை (மறுமொழி):

நீங்களும் உங்கள் நண்பரும் சொல்கிற இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் அடுத்தடுத்து இடம்பெற்றிருக்கின்றன. நேட்டோ நாடுகள் 1951 ஜூன் மாதம் லண்டனில் கையெழுத்திட்ட படைத்தகுநிலை ஒப்பந்தம் (வேறு நாட்டில் தங்கும் படையினரின் சட்ட நிலையை வகுப்பது)தான் பிற்காலத்தில் வந்த பெரும்பாலான ஒப்பந்தங்களுக்கு முன்மாதிரி. அதன் 2-ஆம் பிரிவு, வந்து தங்கும் படையினர் ஏற்கும் நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும் என்றும், அந்நாட்டில் எவ்வித அரசியல் செயலிலும் இறங்கக் கூடாது என்றும் விதிக்கிறது. 7-ஆம் பிரிவு விசாரணை உரிமையைப் பங்கிடுகிறது. குற்றம் படையினருக்குள்ளேயே நிகழ்ந்தாலோ, பணியின்போது செய்த செயலால் விளைந்தாலோ, முதல் உரிமை அனுப்பிய நாட்டுக்கு. மற்றவை அனைத்திலும் முதல் உரிமை ஏற்கும் நாட்டுக்கு. விடுப்பில் வெளியே சென்ற வீரர் மதுக்கடையில் ஒருவரைக் கத்தியால் குத்தினால் உள்ளூர் நீதிமன்றம் விசாரிக்கும். ரோந்து வண்டி ஏறி ஒருவர் இறந்தால் வீரரின் சொந்த நாடு விசாரிக்கும்.

படிக்கும்போது இது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வழக்குகள் எல்லாம் "பணியின்போது" என்ற இடத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன. ஏனென்றால், நடந்தது பணிதான் என்று முதலில் சான்றளிப்பவர் அந்த வீரரின் கட்டளை அதிகாரியே.

1957 ஜனவரியில் ஜப்பானின் குன்மா மாவட்டத்தில் இருந்த சோமகஹாரா துப்பாக்கிப் பயிற்சித் திடலில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். வறுமைப்பட்ட ஊர்க்காரர்கள் அத்திடலில் விழும் பித்தளைத் தோட்டா உறைகளைப் பொறுக்கி விற்பது வழக்கம். பயிற்சி இடைவேளையில் ஓர் இயந்திரத் துப்பாக்கிக்குக் காவல் நின்ற கிரார்ட் என்ற அமெரிக்கச் சிப்பாய், காலி உறைகளை எறிந்து அவர்களை அருகே வரவழைத்து, எறிகுண்டு செலுத்தியில் ஒரு காலி உறையைப் போட்டுச் சுட்டார். அது முதுகில் பாய்ந்து ஒரு பெண் இறந்தார். காவல் நின்றது பணி என்பதில் ஐயமில்லை. காலி உறையைக் காட்டி ஆசைகாட்டி அழைத்ததும் சுட்டதும் பணியா? அமெரிக்கப் படை முதலில் பணி என்றே சான்றளித்தது; பின்னர் ஜப்பானின் எதிர்ப்பால் அவரை ஒப்படைக்க இசைந்தது. அதை எதிர்த்து அவர் தரப்பு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒப்படைப்பதற்கு அரசியலமைப்பில் தடையில்லை என்று அந்நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் தீர்ப்பளித்தது. மாஎபாஷி நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்து, அதையும் நிறுத்திவைத்தது. தண்டனை மிக இலேசானது என்பதே என் கருத்து. ஆயினும் விசாரணை அந்த மாவட்டத்திலேயே, அந்த மக்களின் மொழியிலேயே நடந்தது.

மாறாக, 1998 பிப்ரவரி 3 அன்று இத்தாலியின் கவலேசே என்ற மலையூரில், அவியானோ தளத்திலிருந்து கிளம்பிய அமெரிக்கப் போர் விமானம் ஒன்று விதித்த உயரத்துக்கு மிகக் கீழே பறந்து கேபிள் கார் கம்பியை அறுத்தது. உள்ளே இருந்த 20 பேரும் இறந்தனர். பயிற்சிப் பறத்தல் பணியே என்பதால் இத்தாலிய நீதிமன்றத்தால் விசாரிக்க முடியவில்லை. அமெரிக்க இராணுவ நீதிமன்றம் 1999-இல் விமானியைக் கவனக்குறைவால் உயிரிழப்பு விளைவித்த குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. பறந்தபோது எடுத்த காணொளி நாடாவை அழித்ததற்காகத்தான் அவருக்குச் சிறையும் பதவி நீக்கமும் கிடைத்தன. பணியின்போது நேரும் சேதத்துக்கு இழப்பீட்டில் 75 விழுக்காட்டை அனுப்பிய நாடும் 25 விழுக்காட்டை ஏற்கும் நாடும் தர வேண்டும் என்று அதே நேட்டோ ஒப்பந்தம் சொல்கிறது. பணத்துக்குக் கணக்கு அவ்வளவு துல்லியமாக வகுக்கப்பட்டிருக்கிறது. இறந்தவரின் குடும்பம் விசாரணையை நேரில் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை.

ஆகவே எழுத்தாணி அவர்களே, எந்த நாட்டு நீதிமன்றம் என்பதைவிட, எது பணி என்று தீர்மானிப்பவர் யார் என்று கேட்பதே பயனுள்ளதாக எனக்குப் படுகிறது.

பழைய சிப்பாய் (மறுமொழி):

நான் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன், ஐ.நா. அமைதிப் பணி ஒன்றிலும் இருந்தவன். நடுநிலை அவர்கள் எழுதியதில் சட்டம் சரியாக இருக்கிறது. எனினும் அவர் காட்டிய இரண்டு நாடுகளிலும் இயங்கும் நீதிமன்றங்கள் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நாங்கள் அனுப்பப்படும் இடங்களில் பல, நீதிமன்றக் கட்டடத்தில் அகதிகள் தங்கியிருக்கும் இடங்கள். நீதிபதி ஊரைவிட்டு ஓடியிருப்பார், அல்லது சண்டையிடும் ஒரு தரப்பின் பிடியில் இருப்பார். அங்கே ஒரு சிப்பாயை உள்ளூர் விசாரணைக்கு ஒப்படைப்பது என்பது அவரைப் பணயமாக ஒப்படைப்பதற்குச் சமம். எந்த அரசும் அந்த நிபந்தனையோடு படை அனுப்பாது. படை வராவிட்டால் முதலில் சாவது அந்த ஊர் மக்கள்தான்.

பொதுவெளியில் பேசுவோர் நினைப்பதைவிட ஒழுக்க விதிகள் கடுமையானவை. 2003-இல் ஐ.நா. பொதுச் செயலர் வெளியிட்ட அறிவிக்கை, 18 வயதுக்கு உட்பட்டோருடன் பாலுறவை, உள்ளூர்ச் சட்டம் எந்த வயதை ஏற்றாலும், தடை செய்கிறது. பணமோ வேலையோ உணவோ கொடுத்துப் பாலுறவு கொள்வதையும் தடை செய்கிறது. ஊர்ப் பெண் "வயது 20" என்று சொன்னார் என்பது சாக்காக ஏற்கப்படாது. சிப்பாயின் சட்டைப் பையில் விதி அட்டை இருக்கும். போகக் கூடாத தெருக்களின் பட்டியல் முகாம் வாயிலில் ஒட்டப்பட்டிருக்கும். இரவு எண்ணிக்கை எடுக்கப்படும்.

அப்படியும் கேடு நடக்கிறது. ஏன் என்று என்னைக் கேட்டால், விதி அட்டையைவிடப் பிளட்டூனை (சிறு படைக்குழுவை) நடத்தும் ஹவில்தாரின் முகம் பெரிது என்பேன். 1993 மார்ச் 16 அன்று சோமாலியாவில் கனடிய வான்குடைப் படை ரெஜிமென்டின் முகாமுக்குள் நுழைந்து பிடிபட்ட 16 வயதுச் சிறுவன் இரவில் பல மணி நேரம் அடித்துக் கொல்லப்பட்டான். அவன் அலறல் பலர் காதில் விழுந்தது. எழுந்து போய் நிறுத்தச் சொல்ல ஒருவரும் இல்லை. முகாமுக்குள் நுழைவோரை "நன்றாகக் கவனியுங்கள்" என்பது போன்ற பேச்சு மேலிருந்து வந்துவிட்டால், கீழே இருப்பவன் அதை எப்படிப் புரிந்துகொள்வான் என்று படையில் இருந்த எவருக்கும் தெரியும். கனடா 1995-இல் அந்த ரெஜிமென்டையே கலைத்தது. ஒரு ரெஜிமென்டின் கொடியை இறக்குவது என்றால் என்னவென்று வெளியே இருப்பவர்களுக்கு முழுமையாகப் புரியாது. எந்தச் சிறைத்தண்டனையும் மற்றப் படைப்பிரிவுகளை அந்த அளவுக்கு உலுக்கியிருக்காது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் தம் சொந்தப் படையினர் ஊர்மக்களைக் கொன்றுகொண்டிருப்பதை மேலிருந்து கண்ட ஹியூ தாம்சன் என்ற அமெரிக்க விமானி, ஓடும் மக்களுக்கும் துரத்தும் சிப்பாய்களுக்கும் இடையே தம் ஹெலிகாப்டரை இறக்கினார். சிப்பாய்கள் சுட்டால் அவர்களையே திருப்பிச் சுடும்படி தம் ஆட்களிடம் சொல்லிவிட்டுப் பதுங்குகுழியில் இருந்தவர்களை வெளியே கொண்டுவந்தார். அதற்கு அவர் பெற்றது பல ஆண்டுகள் வசை. உண்மையில் நடந்ததைச் சொல்லி அளித்த பதக்கம் 1998-இல்தான் வந்தது. எது கட்டளை, எது கொலை என்று சிப்பாய்க்குத் தெரியாது என்பவர்களை நான் நம்புவதில்லை. தெரிந்தவனுக்கு மேலிடத்தின் துணை கிடைக்கிறதா என்பதே என் கவலை.

ஆழிப்பேரலை (மறுமொழி):

கொலை, பாலியல் வன்முறை என்றே பேசுகிறோம். எவருமே தீய எண்ணம் கொள்ளாமல் நேரும் கேடுகளையும் பேச வேண்டும். ஹைத்தியில் 2010 அக்டோபரில் மிரபலே அருகே இருந்த ஐ.நா. முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததால் காலரா பரவியது. நேபாளத்திலிருந்து வந்த படைப்பிரிவு அங்கே தங்கியிருந்தது. ஆர்டிபோனீட் ஆற்று நீரைக் குடித்தும் அதில் குளித்தும் துணி துவைத்தும் வாழ்ந்த மக்கள் நோயில் வீழ்ந்தனர். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். ஐ.நா.வுக்கு உள்ள விலக்குரிமையைக் காட்டி அமெரிக்க நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளுபடி செய்தன. ஐ.நா. மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். இதில் எந்தச் சிப்பாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவீர்கள்? முகாமுக்குக் கழிவறைக் குழாய் போட்ட ஒப்பந்தக்காரரையா? அதை மேற்பார்க்காமல் விட்டவரையா? படை வெளியே செல்லுமுன் மருத்துவப் பரிசோதனைக்கும் கழிவுநீர் ஏற்பாட்டுக்கும் ஒதுக்கும் கவனம் ஒழுக்க விதிகளுக்கு நிகரானது என்றே நான் கருதுகிறேன்.

மணல்மேடு (மறுமொழி):

தமிழில் இந்த விவாதம் நடக்கும்போது இந்திய அமைதிப் படையைச் சுற்றிக்கொண்டு போவது நேர்மையாகாது. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின்படி, இலங்கை அரசின் இசைவோடு சென்ற படை அது. அமைதி காக்கச் சென்றது அக்டோபரில் போரில் இறங்கியது. அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் படையினர் நுழைந்தபோது மருத்துவர்களும் தாதியரும் ஊழியர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டனர். மோதலுக்கு இடையில் சிக்கி நேர்ந்த இழப்பு என்பது படைத்தரப்பின் விளக்கம். உயிர்தப்பிய ஊழியர்களின் சாட்சியம் அதற்கு மாறானது. 1990 மார்ச்சில் படை திரும்பும்வரை இந்தியத் தரப்பிலும் ஏறத்தாழ 1,200 வீரர்கள் இறந்தார்கள்; தாங்கள் எதற்காக அனுப்பப்பட்டோம் என்று தெளிவாகச் சொல்லப்படாமலே இறந்தவர்கள் அவர்களுள் பலர் என்பதையும் நான் மறக்கவில்லை.

என் கேள்வி நடுநிலை அவர்களுக்கு. அங்கே நீதிமன்றங்கள் இயங்கவில்லை, ஆகவே அனுப்பிய நாடே விசாரிக்க வேண்டும் என்று பழைய சிப்பாய் சொல்வதை ஏற்றுக்கொள்வோம். அவ்வாறு விசாரிக்க இந்தியச் சட்டத்தில் இடம் இருந்ததா?

நடுநிலை (மறுமொழி):

இருந்தது, இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு, படையைச் சேராத ஒருவரைக் கொலை செய்தல், பாலியல் வன்முறை ஆகிய குற்றங்களை இராணுவ நீதிமன்றத்தின் வரம்பிலிருந்து பொதுவாக விலக்குகிறது. உள்நாட்டில் அமைதிக்காலத்தில் இத்தகைய வழக்குகள் சாதாரண நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் அதே பிரிவு மூன்று விலக்குகளை வைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்று, குற்றம் இந்தியாவுக்கு வெளியே நடந்திருப்பது. ஆக, வெளிநாட்டில் நடந்த கொலையை இராணுவ நீதிமன்றம் விசாரிக்கலாம். யாழ்ப்பாணத்தில் குறைவாக இருந்தது அதிகாரம் அன்று. அதிகாரத்தைப் பயன்படுத்தி, பாதிக்கப்பட்ட குடும்பங்கள் வந்து அமர்ந்து கேட்கக்கூடிய வெளிப்படையான விசாரணை ஒன்றை அங்கே நடத்தும் மனமே இல்லை.

ஐ.நா. படைகளின் நிலையும் இதுவே. அங்கே படையினர் மீதான குற்றவியல் அதிகாரம் முழுவதும் அனுப்பிய நாட்டுக்கே உரியது. ஐ.நா.வால் செய்ய முடிந்தது, திருப்பி அனுப்புவது மட்டும். 2007-இல் ஹைத்தியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டனர். விமானம் ஏறியதோடு அவர்கள் ஹைத்திச் சிறுமியரின் பார்வையிலிருந்து மறைந்துபோனார்கள். பாதுகாப்பு அவை 2016-இல் நிறைவேற்றிய 2272-ஆம் தீர்மானம், குற்றச்சாட்டுகள் தொடர்ந்தால் படைப்பிரிவு முழுவதையுமே திருப்பி அனுப்ப வழிசெய்கிறது. அதுவும் திருப்பி அனுப்புதல்தான்.

எழுத்தாணியின் இரண்டாவது ஐயத்துக்கும் இங்கேயே வருகிறேன். 1995 ஜூலையில் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிசா நகர் பொஸ்னிய செர்பியப் படையிடம் வீழ்ந்தபோது, அருகே பொட்டோச்சாரியில் ஐ.நா. பணியில் இருந்த டச்சுப் படையின் முகாமுக்குள் சுமார் 5,000 பேர் அடைக்கலம் புகுந்திருந்தனர். பொஸ்னிய செர்பியப் படையினர் வெளியே ஆண்களைத் தனியே பிரித்துக்கொண்டிருந்தனர். அது தெரிந்தும் டச்சுப் படையினர் முகாமிலிருந்தவர்களை வெளியே அனுப்பினர்; பிரிக்கப்பட்ட ஆண்கள் கொல்லப்பட்டனர். நெதர்லாந்து உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்களின் மரணத்துக்குத் தம் அரசு பொறுப்பு என்று 2013-இல் தீர்ப்பளித்தது. ஐ.நா.வின் கட்டளையில் இருந்தோம், ஆகவே எங்கள் நாட்டுக்குப் பொறுப்பில்லை என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. முகாமுக்குள் இருந்த ஏறத்தாழ 350 ஆண்களைப் பற்றிய வழக்கில் 2019-இல் அதே நீதிமன்றம் அரசின் பொறுப்பை 10 விழுக்காடு என்று வரையறுத்தது. உள்ளேயே இருக்க வாய்ப்பளித்திருந்தால் அவர்கள் பிழைத்திருக்கும் வாய்ப்பு அவ்வளவே என்று கணக்கிட்டது. கணவனை இழந்தவரிடம் 10 விழுக்காடு என்று சொல்வது எத்தகைய சொல் என்று எனக்கே கூசுகிறது. ஆனாலும், செய்யாமல் நின்றதற்கும் அரசு கணக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஒரு நாட்டின் சொந்த நீதிமன்றமே தன் படைக்கு எதிராக நிறுவியது சிறிய செய்தி அன்று.

பழைய சிப்பாய் (மறுமொழி):

ஸ்ரெப்ரெனிசாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த டச்சுப் படையிடம் கனரக ஆயுதம் இல்லை. கேட்ட வான்தாக்குதல் உதவி போதிய அளவில் வரவில்லை. சில நூறு பேர் பெரும்படையின் நடுவே நின்றார்கள். அவர்களைச் சண்டையிட்டுச் செத்திருக்க வேண்டும் என்று விசைப்பலகைக்கு முன்னால் அமர்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் முகாம் வாயிலைத் திறந்து வெளியே அனுப்பியது வேறு. அதற்குக் கனரக ஆயுதம் தேவையில்லை. மறுப்பதற்கு ஒரு மேஜரின் உறுதி போதும். நீதிமன்றமும் அந்த இடத்தில்தான் கோடு கிழித்திருக்கிறது என்று புரிந்துகொள்கிறேன். 1994 ஏப்ரல் 11 அன்று, இனப்படுகொலை நடந்துகொண்டிருந்த ருவாண்டாவின் கிகாலியில் பெல்ஜியப் படையினர் ஒரு தொழிற்பள்ளியில் தஞ்சம் புகுந்த சுமார் 2,000 பேரை விட்டுவிட்டு வண்டியேறியதையும் இதே கோட்டில்தான் வைப்பேன். தங்கள் தோழர்கள் பத்துப் பேரை நான்கு நாள்களுக்கு முன் இழந்தவர்கள் அவர்கள். வெளியேறும்படி வந்த கட்டளையை நிறைவேற்றினார்கள்.

எழுத்தாணி (மறுமொழி):

அனைவருக்கும் நன்றி. என் முதல் வாதத்தை இப்போது சற்று மாற்றி வைக்கிறேன். உள்ளூர் நீதிமன்றம் இயங்காத இடத்தில் அனுப்பிய நாடே விசாரிக்கட்டும். ஆனால் விசாரணை குற்றம் நடந்த ஊரிலேயே நடக்க வேண்டும் என்று வலியுறுத்த முடியாதா?

நடுநிலை (மறுமொழி):

முடியும். ஐ.நா. பொதுச் செயலருக்காக ஜோர்தானின் இளவரசர் செய்யித் ராஅத் 2005-இல் அளித்த அறிக்கையின் பரிந்துரைகளில் இதுவும் ஒன்று. இராணுவ நீதிமன்றத்தைப் பணியிடத்துக்கே கொண்டுவந்து நடத்த வேண்டும் என்றார். சாட்சிகள் பக்கத்திலேயே இருப்பார்கள், தடயம் அழியாது, தண்டனை கிடைத்தால் ஊரார் அறிவார்கள். சில நாடுகளின் சட்டம் நாட்டுக்கு வெளியே இராணுவ நீதிமன்றம் கூட அனுமதிப்பதில்லை என்பது ஒரு தடை. அதைத் திருத்துவது நாடாளுமன்றத்தில் ஒரு பகல் வேலை.

இழப்பீட்டையும் குற்றத்தீர்ப்போடு கட்டிப்போட வேண்டியதில்லை. ஆப்கானிஸ்தானில் ஆஸ்திரேலியச் சிறப்புப் படையினர் 39 பேரைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்றதற்கு நம்பத்தக்க தகவல் இருப்பதாக 2020-இல் வந்த பிரெரெட்டன் அறிக்கை, குற்ற வழக்கு முடியும்வரை காத்திராமல் குடும்பங்களுக்கு இழப்பீடு தரப் பரிந்துரைத்தது.

பழைய சிப்பாய் (மறுமொழி):

பணியிட விசாரணைக்கு என் ஆதரவு உண்டு, ஒரு நிபந்தனையோடு. சாட்சி சொல்ல வரும் ஊர்ப் பெண் முகாம் வாயிலில் அதே படைப்பிரிவின் காவலரைக் கடந்து உள்ளே வர வேண்டியிருந்தால் அவர் வரமாட்டார். வேறொரு நாட்டுப் படைப்பிரிவின் இடத்தில் நீதிமன்றம் கூட வேண்டும். மொழிபெயர்ப்பாளரையும் முகாம் சம்பளப் பட்டியலுக்கு வெளியிலிருந்தே அழைக்க வேண்டும்.